கடைக்கு வராத பூ

அன்பு மாப்ள ஜாபருக்கு,

தல்லாகுளத்தில் நடந்த ஒரு அரசாங்கக் கூட்டத்தில் நான் மைக் செட்காரருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டேன். நான் மறைத்தாலும் மார்க்கெட்காரர்களில் எவனாவது நீ படுத்திருக்கிற கபருஸ்தான் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவான். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இந்தத் தை பிறந்ததும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கத்தில் பெரிய குளிர்கிட்டங்கி கட்டலாமா என்று யோசனை சொல்ல அரசாங்கம் ஒரு குழு போட்டது. வாங்கிய பூ வாடாமல் ஓரிரு நாள் கிடப்பதற்குக் குளிர் அறைகள். கருத்துக் கேட்க அந்தக் குழு இரண்டு நாள் மதுரையில் உட்கார்ந்தது. கமிஷன் கடைக்காரர்கள் சங்கத்தின் துணைத்தலைவர் என்ற பெருமையோடு, கஞ்சி போட்ட சட்டையில் முதல் நாளே நான் போய்விட்டேன்.

மேடையில் நடு நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல களையான முகம். நடுவில் உட்கார்ந்திருக்கிறார், மைக்கும் கையில் இருக்கிறது, வேறு யாராக இருக்க முடியும்? நேராக ஏறிப்போய் பொன்னாடையைப் போர்த்தி, மல்லிகை மாலையையும் போட்டேன். அவரும் மறுக்கவில்லை. போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒயர மிதிக்கிறீக" என்றார்.

குழுவின் தலைவர் ஒரு அம்மா. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவராம். நூல் சேலை கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். "பரவாயில்லைங்க, சால்வை யாருக்காவது போய்ச் சேர்ந்தாச் சரி. நீங்க கருத்தச் சொல்லுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? குழுவை அனுப்பிய அரசுக்கு நன்றி. அமைச்சருக்கு நன்றி. தலைவர் அம்மாவுக்கு வாழ்த்து. மதுரை மல்லியின் மணம். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவரும் அதையேதான் பேசினார், பின்னால் பேசியவரும் அதையேதான் பேசினார். யோசனை கேட்டு வந்தவர்களை மரியாதை செய்தே திருப்பி அனுப்ப நம் ஊரை விட்டால் ஆள் கிடையாது. நீ இருந்திருந்தால் பின் வரிசையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருப்பாய் இல்லையா?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உன்னைப் பற்றி இரண்டு வரி. கோபித்துக்கொள்ளாதே. நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. நீ பள்ளிவாசல் சந்திலிருந்து நடந்து வருவாய், நான் அழகர்கோவில் ரோட்டிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் உன்னை மேலே தூக்கிவிட்டது, என்னைப் பூக்கடையில் இறக்கிவிட்டது. நீ சென்னையில் தலைமைச் செயலகத்துக்குப் போய், அடிமட்டத்தில் சேர்ந்து, வேளாண்மைத் துறையில் துணைச் செயலாளர் வரைக்கும் ஏறினாய். நான் துணைத்தலைவர் வரைக்கும் ஏறினேன். அந்தத் 'துணை' நம் இரண்டு பேருக்கும் பொது என்று நான் சொல்லிக்கொண்டு திரிவேன், உனக்கு அது பிடிக்காது.

அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது என்பதில் எனக்கு ஒரு தெளிவான ஞானம் இருந்தது. அமைச்சர் காரில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் காதில் எதையோ சொல்கிறான், அது சட்டமாகிவிடுகிறது. அவ்வளவுதான். ஓய்வு பெற்று நீ மதுரைக்குத் திரும்பிய பிறகு, உன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்த ஞானத்தை நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தாய்.

காதில் சொல்பவன் இருக்கத்தான் இருக்கிறான் என்றாய். கட்சிக்காரன் ஒன்று சொல்வான், பேராசிரியர் ஒன்று சொல்வார், இப்போதெல்லாம் மடிக்கணினியும் படம் போட்ட அறிக்கையுமாகக் கன்சல்டன்ட் கம்பெனிக்காரன் ஒன்று சொல்வான். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்து கேட்கிற கேள்வியும் ஒரு யோசனைதான் என்றாய். இத்தனைக்கும் நடுவில் கோப்பு கீழே ஒரு சின்ன மேசையிலிருந்து புறப்படுகிறது. இன்னது செய்யலாம், செய்தால் இன்னது நடக்கும், செய்யாவிட்டால் இன்னது நடக்கும் என்று ஒருவர் எழுதுகிறார். அதற்கு மேலே இருப்பவர் திருத்தி எழுதுகிறார். அப்படியே ஏறி ஏறி அமைச்சர் கைக்குப் போகிறது.

"அப்ப முடிவு பண்றது நீங்கதான்னு சொல்லு" என்றேன்.

"இல்ல மாப்ள. உள்ள இருந்து சொல்றது நான். வெளிய நின்னு பதில் சொல்றது அவரு. சட்டமன்றத்துல என்னைய நிக்கவச்சா கேப்பாக? ஓட்டு எனக்கா போடுறாக? பதில் சொல்றவருக்குத்தான் முடிவு பண்ற பாத்தியதை."

அப்படியானால் ஆட்சி மாறினால்? நேற்று இவருக்கு யோசனை சொன்ன வாயால் இன்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நீ என்னைத் திருப்பிக் கேட்டாய், கல்யாண வீட்டுக்காரனும் எழவு வீட்டுக்காரனும் உன் கடைக்கு வந்தால் யாருக்கு வாடின பூவைக் கொடுப்பாய் என்று. எனக்கு மட்டும் புரியட்டும் என்று நீ எல்லாவற்றையும் பூவில் கொண்டுவந்து நிறுத்துவாய். அந்தக் கரிசனத்துக்கே உனக்குக் கோயில் கட்டலாம், உங்களில் அது ஆகாது என்பதால் விட்டுவிட்டேன்.

நாற்று விஷயம் சொன்னாயே, அது இன்னும் எனக்குச் சிரிப்புதான். விவசாயிகளுக்கு நாற்றாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்று ஒரு கேள்வி. பணமாகக் கொடுங்கள் என்று நீ எழுதினாய். கூப்பிட்டுக் கேட்டபோதும் சொன்னாய். அமைச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்று என்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு ஆறு மாதம் நீ நாற்றுக்காக நாயாக அலைந்தாய், அது உன் சொந்த யோசனை மாதிரி. கடைசியில் அது நன்றாகவே நடந்துவிட்டது. "நான் எழுதுனதுதான் தப்பு மாப்ள. ஆனா எழுதாம இருந்திருந்தா அது இதவிடத் தப்பு" என்றாய். இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு நாலு நாள் கழித்துத்தான் புரிந்தது.

எனக்கும் உனக்கும் நடந்த அந்தச் சண்டையையும் சொல்லியாக வேண்டும். நீ பதவியில் இருந்தபோது ஒரு நாள் காலை, ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது போன் பண்ணினாய். பறித்த மல்லிகை எவ்வளவு வீணாகிறது, உனக்கு என்ன தோணுது என்று கேட்டாய். நான் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வீணாவதே இல்லை, எம்புட்டு வந்தாலும் மதியத்துக்குள் வித்துப்போகும், மிஞ்சினால் செண்டு கம்பெனிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று முழங்கினேன். பக்கத்துக் கடைக்காரனிடம், அரசாங்கமே நம்மைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று சொல்லி அன்றைக்கு அவனுக்கு ஒரு டீயும் வாங்கிக்கொடுத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, நீ என்னை மட்டும் கேட்கவில்லை. திண்டுக்கல் வியாபாரி ஒருவர், ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி, அழகர்கோவில் பக்கம் ஒரு பூத்தோட்டத்து அம்மா, எல்லாரையும் கேட்டிருக்கிறாய். கடைசியில் நான் சொன்னதற்கு நேர் எதிராக எழுதியிருக்கிறாய். எனக்கு வந்ததே கோபம். நீ பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது உன் வீட்டுப் பக்கமே நான் தலைவைக்கவில்லை.

தூக்குவாளியில் பிரியாணியோடு நீயே கடைக்கு வந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாளியை வாங்கினேன். கோபம் வேறு, பிரியாணி வேறு.

"நீ பொய் சொல்லல மாப்ள" என்றாய். "உன் கடைக்கு வந்த பூவ நீ பார்த்த, அதச் சொன்ன. பஸ்ஸத் தவறவிட்டு வாய்க்கா மேட்டுல கொட்டிட்டுப் போன பூவ அந்த அம்மா பார்த்துச்சு, அதச் சொன்னுச்சு. உன் கடைக்கு வராத பூவ நீ எப்படிப் பார்ப்ப?"

நான் வாளியைத் திறந்து அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தேன். வாய் நிறையக் கறி, யாரால் பேச முடியும்?

இனி இந்த வருஷத்துக் கதைக்கு வாரேன். என் மகள், நம்ம சுகந்தி, இப்போது தலைமைச் செயலகத்தில் நீ இருந்த அதே கட்டடத்தில்தான் இருக்கிறாள். பரீட்சை எழுதச் சொன்னது நீ. பொம்பளப் பிள்ளையை அம்புட்டுத் தூரம் அனுப்புவதா என்று நான் இழுத்தபோது, "பூவ மட்டும் அன்னைக்கே மெட்ராசுக்கு ஏத்தி அனுப்புற, பிள்ளைய அனுப்பப் பயமா?" என்று கேட்டு என் வாயை அடைத்தாய். உதவிப் பிரிவு அலுவலர். கோப்பு புறப்படும் என்று சொன்னாயே, அந்தச் சின்ன மேசை. பெற்ற எனக்கே அவளிடம் பேச இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. 'கேட்டியா' என்றால் 'பதிவு பண்ணிக்கிட்டேன்' என்கிறாள்.

முதல் நாள் கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது எங்கள் சங்கத் தலைவர் சோலைமலை என் தோளில் கை போட்டார். நல்ல மனுஷன்தான், சங்கத்துக்காக ராப்பகலாக உழைப்பவர். ஆனால் தோளில் கை போட்டால் கழுத்து வரைக்கும் வந்துவிடும்.

"அண்ணே, கூட்டமெல்லாம் கண்துடைப்பு. உங்க மகதான் அங்ஙன இருக்குல்ல? கிட்டங்கி நமக்கு வேணும்னு ஒரு வார்த்த எழுதச் சொல்லுங்க. மொத எழுத்து நல்லா விழுந்துட்டா மேல இருக்கவுக கையெழுத்துத்தான் போடுவாக."

மகளிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? சங்கத்தைப் பகைத்துக்கொண்டு மார்க்கெட்டில் கடை நடத்த முடியாது, உனக்குத் தெரியும். லாரி வந்ததை நமக்குச் சொல்ல மாட்டார்கள், வெளியூர்க்காரன் ஆர்டர் நம் கடையைத் தாண்டிப் போய்விடும். அதுவும் இல்லாமல், என் மகளால் ஒரு காரியம் ஆகும் என்று ஊரே நம்புவதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் போன் போட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் வெங்காயம் உரித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று சுற்றி வளைத்து, குளிர்கிட்டங்கிக்கு வந்து நின்றேன்.

"அப்பா, அதுல உங்க சங்கம் இருக்குன்னு பார்த்ததுமே நான் எங்க ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன், எங்கப்பா அதுல துணைத்தலைவர்னு. அந்தக் கோப்ப வேற மேசைக்கு மாத்திட்டாங்க."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. ஜாபர் மாமா இருந்தா இதத்தான செஞ்சிருப்பாரு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிஷத்தில் சோலைமலையின் முகம், மார்க்கெட், நாளைய ஏலம் எல்லாம் கண் முன்னால் வந்து போனது. பெத்த அப்பனுக்கு இந்த உதவிகூட இல்லையா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அது இருக்கட்டும். கூட்டத்துல நீங்க என்ன சொன்னீங்க?"

"வாழ்த்திப் பேசுனேன்."

"அப்பா, உங்கள வாழ்த்தவா கூப்பிட்டாங்க? என் காதுல சொல்ல வந்தத அங்க போய் மைக்குல சொல்லுங்க. நாளைக்கும் கூட்டம் இருக்குல்ல?"

போனை வைத்ததும் பஞ்சவர்ணம் சொன்னாள், "மகளுக்குத் தெரிஞ்சது அப்பனுக்குத் தெரியல." வெங்காயத்தால் கண்ணீர் வருகிற மாதிரி நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் அவள் கையில்தான் இருந்தது.

மைக்கில் சொல்வதென்றால் என்னத்தைச் சொல்வது? அங்கேதான் மாப்ள எனக்குச் சங்கடம். சங்கம் சொல்வதைச் சொன்னால் கிட்டங்கி வேண்டும். என் கடைக்கும் அதுதான் நல்லது. ஆனால் குளிர் அறை என்ன செய்யும் என்று பூ வியாபாரி எனக்குத் தெரியாதா? பூ வந்து கொட்டுகிற அன்றைக்கு, விலை அடிமட்டத்தில் கிடக்கும்போது வாங்கி உள்ளே வைப்போம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெளியே எடுப்போம். எங்களுக்கு லாபம், சரி. விடியுமுன்னே செடிக்குள் நின்று பறித்து, அன்றைக்குக் கிடைத்த விலையை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு? நல்லதா கெட்டதா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. முதல் நாள் கூட்டத்தில் இருந்த முகங்களை யோசித்துப் பார்த்தேன். கமிஷன் கடைக்காரர்கள், ஏற்றுமதிக்காரர்கள், செண்டு கம்பெனிக்காரர்கள். பறிக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. வாய் நிறையக் கறியோடு அன்றைக்கு நான் விழுங்கின உன் கேள்வி, இத்தனை வருஷம் கழித்துத் தொண்டையில் வந்து நின்றது.

மறுநாள் போனேன். பொன்னாடை இல்லை, கஞ்சி போட்ட சட்டையும் இல்லை. மைக் செட்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கண்ணே, இன்னைக்கு யாருக்கு?" என்றார். அவர் புண்ணியத்தில் என் முறைக்கு முன்னதாகவே எனக்கு மைக் வந்தது. மூன்றாவது வரிசையில் சோலைமலை உட்கார்ந்து, சொல்லுங்க என்று எனக்குத் தலையாட்டினார். அவர் எதிர்பார்த்தது வேறு.

"அம்மா, இன்னைக்கு நான் சங்கத்துக்காகப் பேச வரல. என் மனசுல இருக்கறதச் சொல்ல வந்தேன்" என்றேன். "கிட்டங்கி வந்தா எனக்கு நல்லது. பூப் பறிக்கிறவுகளுக்கு நல்லதா, எனக்குத் தெரியல. தெரிஞ்சவுக யாரும் இந்தக் கூடத்துல இல்ல. நீங்க பத்தரை மணிக்குக் கூட்டம் வச்சா அவுக எப்படி வருவாக? பறிச்சு முடிச்சு அப்பத்தான் அடுப்ப மூட்டுவாக."

தலைவர் அம்மா எழுதுவதை நிறுத்தினார். "எப்ப வச்சா வருவாங்க?"

"மத்தியானத்துக்கு மேல. அதுவும் அவுக ஊர்லயே."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்த அம்மா அவரிடம் மெதுவாகப் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, அழகர்கோவில் பக்கம் ஒரு ஊர் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் என் உரை. மணி அடிக்கும் முன்பே இறங்கிவிட்டேன், என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

வெளியே சோலைமலை தோளில் கை போடவில்லை.

"அண்ணே, நீங்க எங்காளா, அவுக ஆளா?"

"நான் உங்காளுதான் தம்பி. அதான் உங்க முன்னாடியே சொன்னேன். பின்னாடி போய்ச் சொல்லல."

"முன்னாடி குத்துனா வலிக்காதோ?" என்று கேட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்திருக்குமா?

பத்து நாள் கழித்து அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் குழு வந்து உட்கார்ந்தது. நான் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன். பெண்கள்தான் அதிகம், விரல் நுனியில் பூக்காம்புக் கறையோடு. என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது, இவர்கள் எல்லாரும் நான் சொன்னதையே சொல்லப்போகிறார்கள், நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை மாப்ள. ஒரு அம்மா, கிட்டங்கி வரட்டும், வியாபாரி வாங்கி வைத்தால்தான் பூ கொட்டுகிற அன்றைக்கும் ஏதோ ஒரு விலைக்காவது போகும் என்றது. இன்னொரு அம்மா, வைத்தால் எங்கள் ஊரில் சின்னதாக வையுங்கள், சாவியை எங்களிடம் கொடுங்கள் என்றது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "ஒன் கையில குடுத்தா ஒன் மருமக பூவுக்குத்தான் மொத இடம்" என்று ஒரு குரல் வந்ததும் கூடமே சிரித்தது. விலையைக் காலையிலேயே போனில் சொல்லுங்கள் என்றது ஒரு சின்னப் பெண். தலைவர் அம்மா ஒருவரையும் மறிக்கவில்லை. ஒன்றுக்கொன்று இடித்ததை எல்லாம் இடித்தபடியே எழுதிக்கொண்டார். நீயும் அப்படித்தானே எழுதியிருப்பாய்?

அதற்குப் பிறகு சில மாதம் மார்க்கெட்டில் எனக்கு வெயில் காலம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையில் என் நாற்காலியைக் காணோம். இப்போது நான் வெறும் உறுப்பினர். சில ஆர்டர்கள் கை நழுவின. பஞ்சவர்ணம் ஒரு நாளும் குறைசொல்லவில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆயினும் காலையில் கடை திறக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. இது எதனால் என்று உன்னிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. உன் மொட்டைமாடிக்கு ஏறினால் உன் வீட்டுக்காரி, தங்கச்சி நூர்ஜஹான் மட்டும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. "என்னண்ணே, அவுகளத் தேடி வந்தீகளா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். உடனே டீ போடப் போய்விட்டது.

போன மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. கிட்டங்கி மாட்டுத்தாவணியில்தான், சங்கம் கேட்ட அளவில்தான். அதில் ஒரு பகுதியைத் தாங்களே பூக் கொண்டுவருகிற விவசாயிகளுக்கு ஒதுக்குவார்களாம். ஊருக்கு ஊர் சின்ன அறை பிறகு பார்க்கப்படுமாம். எனக்கு இது செய்தித்தாளில்தான் தெரிந்தது. சுகந்தி அறிவிப்புக்கு முந்தின நாள் ராத்திரி போனில் முருங்கைக்கீரைப் பொரியல் பற்றி என்னிடம் வெகுநேரம் பேசினாள். இதைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. கோபமும் வந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமையும் வந்தது.

அன்று காலை சோலைமலை கடைக்கு வந்தார். மைசூர்பாகு பெட்டியை நீட்டிவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க நெனச்சது வரலையேண்ணே" என்றார். ஏளனமாக இல்லை.

"கேட்டாக, சொன்னோம். முடிவு பண்ண வேண்டியவுக பண்ணிட்டாக. இனி அது நம்ம கிட்டங்கி. வெவசாயிக்கு ஒதுக்குன இடம் வெவசாயிக்கே போகுதான்னு பாக்க ஆள் வேணும்ல? என்னையச் சேத்துக்கங்க" என்றேன்.

"நாற்காலி கெடையாது. வேலதான்."

"நின்னுக்கிட்டே செய்யிறேன் தம்பி."

அவர் ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து என் வாயில் வைத்தார். மாப்ள, நாற்றுக்காக ஆறு மாதம் நீ அலைந்தபோது உன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. தோற்ற மாதிரியே இல்லை. எனக்கு இதைக் கொடுத்தவன் நீ. சுகந்திக்கு ஒரு மேசையையும், எனக்கு மைக்கில் சொல்ல நாலு வார்த்தையையும் கொடுத்துவிட்டு, நன்றி வாங்காமலே போய்விட்டாய். உனக்கு நன்றி சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுவாய். இந்தத் தடவை மாற்ற முடியாது, அந்த ஒரு வசதி எனக்கு இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கிற வரைக்கும் நம் மார்க்கெட் பற்றி எந்தக் குழு வந்தாலும், கேட்பவர்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். மகளிடம் சிபாரிசு கேட்டு ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன், என்னையும் சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. அன்று அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, தலைவர் அம்மா என் அருகில் வந்தார். "இவங்களக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்றார். "சும்மா தோணுச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சொல்லாமல் விட்டது இதுதான்: அம்மா, இந்தக் கூடம் நிற்கிற மண்ணில் எங்கப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்தார். என்ன விதைப்பது, எப்போது அறுப்பது, என்ன கூலி, எதையும் யாரும் அவரைக் கேட்டதில்லை. உனக்கு என்ன தோணுது என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தனை முதன்முதலாகக் கேட்ட அதிகாரி, என் ஜாபர் மாப்ளதான்.

உன் பெஞ்சில் உனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த
மாப்ள ராசு,
சுகந்தியின் அப்பா